காவிரிக் கரையில் கடல் மீன் தொட்டி: உப்பு நீரைச் சேமிக்கும் முறையும் கழிக்கும் முறையும்

நிலத்து வருமானத்தோடு வீட்டிலிருந்தே இன்னொரு வருமானமும் வேண்டும் என்று எண்ணும் சிறு விவசாயிகள் வண்ண மீன் வளர்ப்பைப் பற்றி அதிகம் விசாரிக்கிறார்கள். கப்பி, மோலி, தங்க மீன் போன்ற நன்னீர் மீன்களைப் பற்றி இப்பொழுது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடலில் வாழும் கோமாளி மீனையும் வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாம் என்று கேள்விப்பட்டு, பள்ளிபாளையம் போன்ற உள்நாட்டு ஊரில் அது நடக்குமா என்று கேட்பவர்களும் உண்டு.

நடக்கும். மஞ்சள் கலந்த சிவப்பு நிறத்தில் வெள்ளைப் பட்டையுடன் இருக்கும் இந்த மீனைக் கடலில் பிடித்துத்தான் விற்க வேண்டும் என்ற நிலை மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையிலும் இதைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்துக் காட்டியிருக்கின்றன. தொட்டியில் பிறந்த குஞ்சு தொட்டி வாழ்வுக்கு நன்றாகப் பழகும்.

ஆனால் பள்ளிபாளையத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடல் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே இங்கே கடல் மீன் வளர்ப்பவருக்கு முதல் வேலை மீன் அல்ல, தண்ணீர். கடல் நீரைத் தயாரித்துக் கையிருப்பு வைப்பது எப்படி, வேலை முடிந்த உப்பு நீரை எங்கே விடுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகுதான் தொட்டி வாங்க வேண்டும். முதல் கேள்விக்கு மீன் கடைக்காரரே பாதி பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்வியைக் கடையில் யாரும் எழுப்புவதில்லை. உப்பினால் நிலம் கெடுவது என்றால் என்ன என்பதை அறிந்த இந்த வட்டாரத்தில் அந்தக் கேள்வியே முக்கியமானது.

தண்ணீரை ஏன் மாற்ற வேண்டும்?

மீனின் கழிவிலிருந்தும் மீந்து போன தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நிலத்தில் இட்ட யூரியா அம்மோனியாவாகி, பின் நைட்ரைட்டாகி, முடிவில் நைட்ரேட்டாவது விவசாயிகள் அறிந்ததே. அந்த வேலையை மண்ணில் செய்யும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவையே தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் இருந்து அதே வேலையைச் செய்கின்றன. வயலில் அந்த நைட்ரேட்டைப் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீன் தொட்டியில் பயிர் இல்லை. நைட்ரேட்டு சேர்ந்துகொண்டே போகும். அதைக் குறைக்க வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு, அல்லது இரண்டு வாரத்திற்கு ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புது நீர் விட வேண்டும்.

கடல் நீரின் கார அமில நிலை 8.0 முதல் 8.4 வரை இருக்கும். காரத்தன்மை கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும் என்பதால், நன்னீர்த் தொட்டியில் தாங்கக்கூடிய அளவு அம்மோனியா கடல் நீர்த் தொட்டியில் தாங்காது. ஒரு மீன் கல்லிடுக்கில் செத்துக் கிடந்தாலோ, இரவெல்லாம் மின்சாரம் இல்லாமல் போனாலோ, உடனே கால் பங்கு நீரை மாற்றியாக வேண்டிய நிலை வரும். அப்பொழுது உப்பைத் தேடிக் கரைக்க நேரமிருக்காது. அப்பொழுதுதான் கரைத்த உப்பு நீர் மீனின் செவுளை உறுத்தவும் செய்யும். விதை நெல்லைப் போல, தயாரான உப்பு நீர் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எந்த உப்பு?

கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. இதில் பெரும்பகுதி சமையல் உப்பே என்றாலும், மெக்னீசியம் சுமார் 1.3 கிராமும், கால்சியமும் பொட்டாசியமும் ஒவ்வொன்றும் சுமார் 0.4 கிராமும், இவற்றோடு கந்தகச் சேர்மங்களும் கலந்திருக்கின்றன. இந்த விகிதம் மீனுக்கு அவசியம்.

கடலிலிருந்து எடுத்த கல் உப்பைக் கரைத்தால் கடல் நீர் ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. உப்பளத்தில் கடல் நீர் சுண்டும்போது முதலில் ஜிப்சம் படிந்து கால்சியம் பிரிந்துவிடுகிறது. நிலக்கடலைக்கு நாம் இடும் ஜிப்சத்தில் உப்பளத்து ஜிப்சமும் உண்டு. அடுத்துச் சாதாரண உப்பு படிகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகின்றன. ஆக, மூட்டையில் வரும் கல் உப்பு கடலின் ஒரு பகுதியே. பொடி உப்பில் அயோடினும், கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் வேறு இருக்கும்.

குறைகிற சத்துகளை உரக்கடையில் வாங்கிச் சேர்க்கலாம் என்ற யோசனையும் பழையதே. இங்கிலாந்தில் பிலிப் காஸ் என்ற இயற்கையியலாளர் 1854-ஆம் ஆண்டு சமையல் உப்பு, மெக்னீசியம் சல்பேட், மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் கலந்து செயற்கைக் கடல் நீர் தயாரிக்கும் முறையை வெளியிட்டார். ஆனால் நாம் நிலத்துக்கு இடும் பொட்டாஷ் உரமும் மெக்னீசியம் சல்பேட்டும் பயிருக்கான தரத்தில் வருபவை; அவற்றிலுள்ள கலப்படங்களைப் பயிர் பொறுத்துக்கொள்ளும், கடல் உயிரினம் பொறுக்காது. கடல் மீன் தொட்டிக்கென்று விற்கப்படும் கலவை உப்பையே வாங்க வேண்டும். செலவு கூடத்தான். ஆனால் இதில் சிக்கனம் பார்த்து மீனை இழப்பதில் பொருளில்லை.

வேறொரு கேள்வியும் வருவதுண்டு: எங்கள் கிணற்று நீரே கரிப்பாக இருக்கிறதே, அதையே பயன்படுத்தினால் என்ன? அரியானா, பஞ்சாப் மாநிலங்களில் உவர் நிலத்தின் நிலத்தடி நீரில் இறால் வளர்க்கிறார்கள் என்பது உண்மை. ரோத்தக் அருகே லாலியில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் மையம் இதற்கு வழிகாட்டியது. ஆனால் அங்கும் உவர் நீரை அப்படியே விடுவதில்லை. அதில் பொட்டாசியம் மிகக் குறைவு என்பதால் அதைச் சேர்த்துத் திருத்திய பிறகே இறால் விடுகிறார்கள். நம் கிணற்றின் கரிப்பு எங்கிருந்து வந்தது, அதோடு வேறு என்ன வந்தது என்று தெரியாத நிலையில் அதைத் தொட்டிக்குள் விடவே கூடாது.

கரைக்கும் நீர்

உப்பைவிட, உப்பைக் கரைக்கும் நன்னீரில்தான் நம் ஊரில் தவறு நேர வாய்ப்பு அதிகம். வயல் கிணற்று நீரில் உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட்டு இருக்கும். தொட்டியிலிருந்து எதை வெளியேற்ற நீரை மாற்றுகிறோமோ அதையே திரும்ப ஊற்றியதாக ஆகும். பாசியும் கட்டுக்கடங்காமல் வளரும். நகராட்சிக் குழாயில் வரும் காவிரி நீர் இதற்கு மேலானது. அதில் குளோரின் கலந்திருப்பதால் அகன்ற பாத்திரத்தில் 24 மணி நேரம் காற்றுக் குழாய் வைத்து ஓடவிட வேண்டும், அல்லது சோடியம் தயோசல்பேட் சேர்த்து முறிக்க வேண்டும். வீட்டில் சவ்வு முறைக் குடிநீர்க் கருவி இருந்தால் அதன் சுத்த நீர் மிகவும் நல்லது.

என்னைக் கேட்டால் மழை நீரையே முதலில் சொல்வேன். நாமக்கல் மாவட்டத்தில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. 100 சதுர அடிக் கூரையிலிருந்து, வீணாவது போக, 5,000 லிட்டர் வரை பிடிக்கலாம். ஒரு வீட்டுத் தொட்டிக்கு ஆண்டு முழுவதும் வேண்டிய நீரைப் போல இது பல மடங்கு. முதல் ஓரிரு மழையின் நீரைக் கழித்துவிட்டு, அடுத்து வருவதைத் துணியில் வடிகட்டி மூடி வைக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகரக் கூரையிலிருந்தும், கொதிகலன் புகைக்கூண்டின் கரி படியும் இடத்திலும் மழை நீர் பிடிக்க வேண்டாம்.

பேரல் வாங்கும்போது

உப்பு நீரைச் சேமிக்க உணவுப் பொருள் வைக்கத் தகுந்த 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரல் போதும். ஒன்று நன்னீருக்கு, ஒன்று உப்பு நீருக்கு. இரண்டிலும் பெயின்டால் பெரிதாக எழுதிவிடுங்கள். வீட்டில் யாராவது உப்பு நீரை மாட்டுக்கு வைத்துவிடாமல் இருக்கும்.

பள்ளிபாளையம், ஈரோடு பகுதியில் பழைய நீலப் பேரல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல சாயப்பட்டறைகளுக்கும் சலவைப் பட்டறைகளுக்கும் ரசாயனம் வந்தவை. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து முழுதும் போகாது. மாதக்கணக்கில் உப்பு நீர் அதில் நிற்கும்போது சிறிது சிறிதாகக் கசியும். முன்பு என்ன இருந்தது என்று விற்பவரே உறுதியாகச் சொல்ல முடியாத பேரலை வாங்க வேண்டாம்.

நம் வீட்டிலேயே இருக்கும் பூச்சி மருந்து டப்பா, தெளிப்பான், போர்டோ கலவை கரைத்த வாளி ஆகிய எதையும் இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே இறால், நத்தை, கடல் தாமரை போன்றவற்றைக் கொன்றுவிடும். இதே காரணத்தால் பித்தளைக் குழாய், செம்புப் பாத்திரம், இரும்பு வாளி ஆகியவையும் ஆகா. உப்பு நீர் உலோகத்தை அரிக்கும். அரித்தது தண்ணீரில் சேரும். புதுச் சிமென்டுத் தொட்டி சுண்ணாம்பை விட்டுக் காரத்தைக் கூட்டிவிடும்.

கலக்கும் முறை

பேரலில் முதலில் நன்னீரை நிரப்ப வேண்டும். பிறகு சிறிய நீர் மோட்டாரை உள்ளே விட்டு ஓடவிட்டு, ஓடும் நீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். உப்பை முதலில் கொட்டி அதன் மேல் நீர் ஊற்றினால் அடியில் கரைசல் மிகக் கெட்டியாகி, கால்சியம் வெள்ளை மாவாகப் படிந்துவிடும். அது மீண்டும் கரையாது. லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை தேவைப்படும். கலவை உப்பில் ஈரமும் இருப்பதால் பையில் அச்சிட்டுள்ள அளவை வைத்துத் தொடங்கி, மானியால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

விதை நெல் தேர்வு செய்யும்போது முட்டை மிதக்கும் வரை உப்புக் கரைப்பது நம் வழக்கம். அந்த அளவை இங்கே கொண்டுவந்துவிடக் கூடாது. முட்டை மிதக்கும் கரைசலில் கடல் நீரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு உப்பு இருக்கிறது. கடல் நீரில் புது முட்டை மூழ்கிவிடும். மீன் தொட்டிக்கான அடர்த்தி மானியில் 1.025 அல்லது 1.026 காட்டினால் சரி. பால் சங்கத்தில் பயன்படும் பால் மானியும் இதே கொள்கையில் வேலை செய்வதுதான். கடல் நீரில் அது 25-ஐ ஒட்டி நிற்கும். தோராயமாகப் பார்க்க அது உதவும் என்றாலும், மீனுக்கென்று தனி மானி ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

கரைத்த பிறகு ஒரு நாள் முழுவதும் மோட்டார் ஓட வேண்டும். நீர் கண்ணாடி போல் தெளிந்ததும் மானியை மீண்டும் பார்த்து, குறைவாயிருந்தால் உப்பும் கூடுதலாயிருந்தால் நன்னீரும் சேர்த்துச் சரிசெய்யலாம்.

உப்பு நீரில் மின்சாரம் நன்னீரைவிட மிக எளிதாகப் பாயும். மோட்டாரின் இணைப்பைப் பிடுங்காமல் பேரலிலோ தொட்டியிலோ கை விடக் கூடாது. நில இணைப்பு உள்ள மூன்று துளைச் செருகியும், கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவியும் இல்லாத வீட்டில் அவற்றைப் போட்ட பிறகே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

சேமிப்பு

சுத்தமான நீரில் சுத்தமான உப்பைக் கரைத்த நீர் எளிதில் கெடாது. மூடி வைத்தால் ஒரு மாதம் வரை தாராளமாக வைத்திருக்கலாம். கெடுப்பவை வெயில், வெளிச்சம், தூசி ஆகிய மூன்றும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்த பேரல் நீர் கை பொறுக்காத சூடாகிவிடும். சூட்டில் கால்சியம் படிவதும் அதிகம். கிழங்கு, விதை வைக்கும் குளிர்ந்த அறையின் மூலையே பேரலுக்கு ஏற்ற இடம். பூச்சி மருந்தும் உரமும் அதே அறையில் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

மூடி இல்லாத பேரலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நாளாக ஆக நீர் கரிப்பேறிக்கொண்டே போகும். தொட்டியிலும் இதே கதைதான். தொட்டியில் நீர் மட்டம் குறைந்தால் நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், சேமித்த உப்பு நீரை அல்ல. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிற இடம் இது. இதற்காகத்தான் நன்னீருக்கு இரண்டாவது பேரல்.

கையிருப்பில் நிற்கும் நீரில் மோட்டார் எந்நேரமும் ஓட வேண்டியதில்லை. பயன்படுத்துவதற்கு முந்தின நாள் மாலை ஓடவிட்டால் போதும்; காற்றோட்டம் வந்துவிடும். மறுநாள் காலை உப்பின் அளவையும் சூட்டையும் தொட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சூடு ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. தொட்டியின் சூடு 25 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. பேரலின் சுவரில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. காலியாகும்போது வினிகர் விட்டுத் தேய்த்து, நல்ல நீரில் அலசினால் போய்விடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்த நீரைப் பயன்படுத்த வேண்டாம்.

கடற்கரைக்குப் போன லாரியில் உண்மையான கடல் நீரையே கொண்டுவந்து தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் ஏராளம். அடைத்து வைத்த பேரலில் அவை செத்து அழுகி, நீரிலுள்ள பிராண வாயுவைத் தின்றுவிடும். அந்த நீரைத் துணியில் வடிகட்டி, இருட்டில் இரண்டு வாரம் வைத்துத் தெளியவிட்ட பிறகே பயன்படுத்தலாம். இருட்டில் வைப்பது புதிய உபாயம் அன்று. 1871-இல் லண்டன் அருகே கிரிஸ்டல் பாலஸ் மீன் காட்சி நிலையத்தை அமைத்த வில்லியம் லாய்டு, காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு கொள்ளளவுள்ள இருண்ட தேக்கத் தொட்டியைக் கட்டிடத்தின் அடியில் கட்டி, அதே கடல் நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டார். நீரை அடிக்கடி மாற்றாமலே நீண்ட காலம் நடத்த அது உதவியது.

கழித்த நீர் எங்கே போகிறது?

இனி நம் நிலத்தைப் பற்றிய பகுதிக்கு வருவோம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில், மணலும் கல்லும் போக, ஏறத்தாழ 160 லிட்டர் நீர் நிற்கும். வாரம் பத்தில் ஒரு பங்கு என்றால் 16 லிட்டர் வெளியே வரும். அதில் உள்ள உப்பு 560 கிராம். ஓர் ஆண்டுக்கு 29 கிலோ.

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் உணவில் சேரும் உப்பே வாரத்துக்கு 350 கிராம் அளவில் இருக்கும். அதுவும் கடைசியில் கழிவு நீரோடுதான் போகிறது. ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவர் கழித்த நீரைத் துணி துவைத்த நீரோடு சேர்த்து, ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று நாளாகச் சாக்கடையில் விட்டால் பெரிய கெடுதல் இல்லை. காய்கறிப் பாத்தியிலும், எருக்குழியிலும், சாண எரிவாயுக் கலனிலும் மட்டும் ஊற்றக் கூடாது. நிலம் கெடாத நல்ல பாசன நீராக அதை ஆக்க வேண்டுமானால் ஒரு குடத்துக்கு 50 குடத்துக்கு மேல் நல்ல நீர் கலக்க வேண்டும். அவ்வளவு நல்ல நீர் இருந்தால் அதைப் பயிருக்கே பாய்ச்சலாமே!

வியாபாரத்துக்காக வளர்க்கும்போது கணக்கு வேறாகிறது. நூறு லிட்டர் தொட்டிகள் இருபது வைத்து, குஞ்சுகளை நெருக்கமாக வளர்ப்பதால் வாரம் ஐந்தில் ஒரு பங்கு நீர் மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 400 லிட்டர் கழியும். அதில் 14 கிலோ உப்பு. ஆண்டுக்கு 728 கிலோ. முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. இது வீட்டைச் சுற்றியுள்ள பத்து சென்ட், இருபது சென்ட் நிலத்தில் ஆண்டுதோறும் இறங்கினால் என்ன ஆகும்?

மண் பரிசோதனையில் மின் கடத்தும் திறன் என்று ஓர் எண் கொடுப்பார்கள். அது 4-க்கு மேல் போனால் அந்த மண்ணை உவர் மண் என்கிறோம். கரும்பு 2-ஐத் தொடும் முன்பே விளைச்சலில் குறையத் தொடங்கும். கடல் நீரின் மின் கடத்தும் திறன் 50-க்கு மேல். உப்பு மட்டுமல்ல, அதிலுள்ள சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணின் கட்டமைப்பைக் குலைக்கும். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் ஓடு. நீர் இறங்காது, வேர் மூச்சுவிட முடியாது. அந்த நிலையைத் திருத்த ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி, வடித்து எடுக்க வேண்டும். வடிகால் இல்லாத நிலத்தில் அதுவும் பலிக்காது. நம் நிலத்திலிருந்து கீழிறங்கும் உப்பு நம் கிணற்றோடு நிற்பதும் இல்லை.

தென்னங்கன்று நடும் குழியில் உப்புப் போடுகிறோமே, தென்னைக்கு விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். குழியில் ஒரு முறை போடுவது வேறு, வாரந்தோறும் ஊற்றுவது வேறு. தென்னை தாங்கினாலும் அதன் ஊடே போட்ட மஞ்சளும் வாழையும் தாங்கா.

சாயத் தொழிலில் துணியில் சாயம் பிடிக்க, சாயத் தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்புச் சேர்ப்பது உண்டு. கடல் நீரின் கரிப்புக்குச் சமமோ அதற்கு மேலோ என்று பொருள். நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாக மாறி, கீழ்ப்பகுதி நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவு நீரை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாம் பிறரிடம் கேட்ட நியாயத்தை நம் கொல்லையில் நாமே மீறக் கூடாதல்லவா?

மீனுக்காகவே உப்பு நீரை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் அனுபவப்பட்ட நாடும் உண்டு. தாய்லாந்தில் 1990-களில் உப்பளத்துக் கெட்டி நீரை லாரிகளில் ஏற்றி, மத்திய சமவெளியின் நெல் வயல்களுக்கு நடுவே குளம் வெட்டிக் கருப்பு வரி இறால் வளர்த்தார்கள். கையில் பணம் புரண்டது. பக்கத்து வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் உப்பு பரவுகிறது என்ற எதிர்ப்பு எழுந்து, 1998-இல் நன்னீர்ப் பகுதிகளில் இறால் வளர்ப்பதை அந்நாட்டு அரசு தடை செய்தது.

என்ன செய்யலாம்?

முதலாவது, கழியும் நீரின் அளவையே குறைப்பது. எல்லாத் தொட்டிகளின் நீரும் ஒரே வடிகட்டித் தொட்டிக்கு வந்து, சுத்தமாகித் திரும்பப் போகும் சுழற்சி முறை அமைத்தால் மாதம் பத்தில் ஒரு பங்கு மாற்றுவதோடு முடிக்கலாம். தீவனத்தைக் கை அளவாகப் போடாமல் மீன் தின்னும் அளவாகப் போட்டாலே பாதி வேலை மிச்சம். கழித்த நீரை வடிகட்டி, நன்னீர் மீன் குஞ்சுகளுக்கு உணவாகும் ஆர்ட்டீமியா முட்டையைப் பொரிக்கவும் பயன்படுத்தலாம். அதற்கு லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்புள்ள நீரே போதும்.

அடுத்தது, காயவைக்கும் பாத்தி. கனத்த பிளாஸ்டிக் தாளை இரண்டாக விரித்து, சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கரை கட்டிய ஆழமில்லாத பாத்தியில் கழித்த நீரை விட வேண்டும். மேலே சொன்ன இருபது தொட்டி அலகுக்கு 250 சதுர அடிப் பாத்தி வேண்டியிருக்கும். சுழற்சி முறை அமைத்தவருக்கு இதில் சிறு பங்கு போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி நிரம்பி வழிந்தால் பட்ட பாடெல்லாம் வீண்; அந்த மாதங்களில் மேலே கூரை போட்டு, கழித்த நீரைப் பேரலில் நிறுத்தி வைக்க வேண்டும். காய்ந்த உப்பைச் சாக்கில் கட்டி மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். அது மாட்டுக்கும் ஆகாது, மீண்டும் மீனுக்கும் ஆகாது. வாரம் ஐந்தில் ஒரு பங்கு மாற்றுபவருக்கு ஆண்டுக்கு 50 கிலோ மூட்டை பதினான்கு பதினைந்து சேரும். அதை எங்கே ஒப்படைப்பது என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். கழிவு நீரைச் சுத்திகரிக்கும் சாயப்பட்டறைகளுக்கும் இந்தக் கலப்பு உப்பு தீராத தலைவலியாகவே இருந்து வருகிறது.

பாத்திக்கு இடமும் சுழற்சிக்கு முதலும் இல்லாதவர், வீட்டுக்கு அழகாக ஒரு கடல் மீன் தொட்டி வைப்பதோடு நிறுத்திக்கொண்டு, வருமானத்துக்கு நன்னீர் வண்ண மீனை வளர்க்கட்டும் என்பதே என் சிபாரிசு. நன்னீர்த் தொட்டியில் கழித்த நீரில் தழைச்சத்து இருக்கிறது. அதைத் தென்னைக்கோ காய்கறிக்கோ தயங்காமல் பாய்ச்சலாம். ஒரே நீர் மீனுக்கும் பயிருக்கும் ஆகிறது.

2020-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், நன்னீரானாலும் கடல் நீரானாலும், வீட்டுக் கொல்லை வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பு வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதமும் மானியம் வகுத்தார்கள். இப்போதைய நிலவரத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். கடல் நீர் அலகுக்கு மனுச் செய்பவர்கள், காயவைக்கும் பாத்தியின் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்துக் காட்டுங்கள். தொட்டி அலங்காரத்துக்கு மன்னார் வளைகுடாப் பவளப் பாறைத் துண்டு தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பவளமும் கடல் குதிரையும் பாதுகாக்கப்பட்டவை; வைத்திருப்பதே குற்றம்.

தொடங்குவதற்கு முன் கொல்லை மண்ணையும் கிணற்று நீரையும் ஒரு முறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின் கடத்தும் திறனைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் இதற்கு யோசனை கேட்கலாம். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, கோடையில், அதே இடத்து மண்ணையும் அதே கிணற்று நீரையும் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எண் ஏறியிருந்தால் பாத்தியின் தாளில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள்; அதை அடைக்கும் வரை தொட்டி நீரை மாற்றாமல் பேரலிலேயே நிறுத்தி வையுங்கள்.